கிழங்கு டீச்சரின் காப்பி ஆராய்ச்சி

பாப்பாரப்பட்டிக்கு வந்து சகாயராணி வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் சட்டென்று தெரியாது. கிழங்கு டீச்சர் வீடு என்று கேட்டுப் பாருங்கள். சந்தைக்குப் பின்னால் பச்சைக் கேட் போட்ட வீட்டைக் கைகாட்டுவார்கள். காட்டிவிட்டு, "அங்க போயி காப்பியப் பத்தி மட்டும் வாயத் தொறந்துறாதீங்க சாமி" என்று எச்சரித்தும் அனுப்புவார்கள். எச்சரிக்கை நியாயமானதுதான்.

அவள் கிழங்கு விற்கிறவள் இல்லை. தருமபுரியில் ஒரு தனியார் கல்லூரியில் உணவு வேதியியல் நடத்துகிற உதவிப் பேராசிரியை. காப்பியைப் பிரித்துப் பார்ப்பது அவள் ஆராய்ச்சி. அதில் கஃபீன் எவ்வளவு, கசப்பும் துவர்ப்பும் தருகிற அமிலங்கள் எவ்வளவு, வறுக்கும்போது எது அழிகிறது, எது புதிதாகப் பிறக்கிறது என்று பல வருடமாக அதிலேயே கிடக்கிறாள். ஊரில் விற்கிற காப்பித்தூளில் பாதிக்குப் பாதி சிக்கரி. சிக்கரி ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்தால் காப்பி நிறம் வரும், காப்பி வராது. அதை வேர் என்றுகூட அவள் மரியாதையாகச் சொல்லமாட்டாள். கிழங்கு என்பாள். யார் வீட்டில் டம்ளரை நீட்டினாலும் ஒரு தடவை மோந்து பார்ப்பாள். உதடு ஒரு பக்கமாகக் கோணும். "கிழங்கு" என்று சொல்லி டம்ளரைக் கீழே வைத்துவிடுவாள். நீட்டின பெண்ணுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

என்ன ஒரு திமிர் என்கிறீர்களா? திமிர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் வெறும் திமிர் என்று தள்ளிவிடவும் வழியில்லை. ஏனென்றால் அவள் மோந்து சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை. அவள் தப்பாகச் சொல்லியிருந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். சரியாகச் சொல்கிறாளே என்பதுதான் ஆத்திரம்.

முதல் பலி அவள் அம்மா பாக்கியமேரிதான். அப்பா அருள்சாமி கடலைக்காட்டில் பாடுபட்டு மகளைப் படிக்கவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். பாக்கியமேரி காலையில் எழுந்து சிலுவை போட்டுக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போய்ப் பாக்கெட் தூளைக் கொதிக்கவிடுவார். "கிழங்குத் தண்ணி வெச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே மகள் எழுந்து வருவாள். "ஆமாண்டி, இந்தக் கெழங்குத் தண்ணி குடிச்ச ஒடம்புலதான் நீ பொறந்த" என்பார் பாக்கியமேரி. இது தினசரி ஜெபம்போல நடந்துகொண்டிருந்தது.

வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கோயில் திருவிழாவில் பூசை முடிந்து எல்லாருக்கும் காப்பி கொடுத்தார்கள். ஃபாதர் அன்பாக ஒரு டம்ளரை நீட்ட, இவள் மோந்து பார்த்துவிட்டு, "பேரிச்சங்கொட்டைய வறுத்துக் கலந்திருக்காங்க ஃபாதர், அந்தோணியார் பேரச் சொல்லி இதையெல்லாம் ஊத்தாதீங்க" என்றாள். இழவு வீட்டில்கூட விடவில்லை. செத்தவர் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, "பாலு பரவால்ல, தூளுதான் மோசம்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லவேண்டிய இடமா அது?

எல்லாவற்றையும் விடக் கம்பைநல்லூர் சங்கதிதான் ஊரெல்லாம் பேச்சானது. மாப்பிள்ளை நல்ல பையன், அரசாங்க வேலை, பெயர் அமலன். பெண் பார்த்துப் பிடித்துப்போய், மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க இவர்கள் போனார்கள். வருங்கால மாமியார் தன் கையால் காப்பி போட்டுக்கொண்டுவந்து, "எங்கூட்டுக் காப்பிய இந்தக் கம்பைநல்லூர்ல அடிச்சிக்க ஆளில்லீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமே. சகாயராணி ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் கேட்டு வாங்கினாள். காப்பித்தூளையும் கேட்டு வாங்கினாள். அத்தனை பேர் பார்க்க, தண்ணீர்மேல் தூளைத் தூவினாள். காப்பி என்றால் எண்ணெய்ப் பசை இருப்பதால் கொஞ்சநேரம் மிதக்கும். சிக்கரி மளமளவென்று மூழ்கி, பழுப்பாய்க் கோடுகோடாக நிறத்தை இறக்கும். டம்ளர் முழுக்கப் பழுப்புக் கோடு இறங்கியது. "பாத்தீங்களா, எல்லாம் கிழங்கு" என்றாள், வகுப்பில் சொல்வதுபோல. மாப்பிள்ளையின் அம்மா அந்த டம்ளரை வாங்கி வாசலில் கொட்டினார். சம்பந்தமும் அதோடு போயிற்று.

பஸ்சில் திரும்பி வரும்போது பாக்கியமேரி அழுதார். "ஒருவாய் குடிச்சிட்டு நல்லாருக்குதுங்கன்னு சொன்னா ஒன் நாக்கு அழுகியா போயிரும்?" என்று கேட்டார். "நல்லால்லாதத நல்லாருக்குன்னு என்னால சொல்ல முடியாதும்மா" என்றாள் மகள். முடியாது என்று அவள் சொன்னது பெருமைக்கு இல்லை, உண்மையிலேயே அவளால் முடியாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு நெருக்கடி வந்தது. வரும் ஜூனிலிருந்து டாக்டர் பட்டம் இல்லாத யாரும் கல்லூரியில் இருக்க முடியாது என்று நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது. கல்யாணமும் இல்லை, நிலத்தையும் குத்தகைக்கு விட்டாயிற்று. அவளுக்கென்று இருந்தது அந்த வேலையும் அந்த ஆய்வுக்கூடமும்தான். அது போனால் பாக்கியமேரி வைக்கிற கிழங்குத் தண்ணியைக் குடித்துக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். பட்டம் கிடைத்தே தீரவேண்டும். அதற்கு அவள் பிடித்த தலைப்பு வத்தல்மலைக் காப்பி.

அந்தத் தலைப்பை அவள் எடுத்ததிலும் ஒரு இளக்காரம்தான். சிக்கமகளூரையும் ஏற்காட்டையும் எல்லாரும் தோண்டித் துருவிவிட்டார்கள். பக்கத்திலேயே இருக்கிற வத்தல்மலையை ஒரு பயலும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. "நம்மூருப் பேராசிரியருங்களுக்கு மூக்குக்குக் கீழ இருக்கறது தெரியாது" என்று சொல்லிக்கொண்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி மலைக்குப் போனாள்.

மேலே ஆண்டி, தீர்த்தம்மாள் என்று ஒரு தம்பதி. சில்வர் ஓக் மர நிழலில் காப்பிச் செடி, மரத்தின்மேல் மிளகுக் கொடி, கீழே கொஞ்சம் கேழ்வரகு என்று பாடுபடுகிறவர்கள். கல்லூரியிலிருந்து மேடம் வந்திருக்கிறார் என்றதும் அவர்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தங்கள் காட்டுக் கொட்டையையே வறுத்து, இடித்து, வெல்லம் போட்டு வரக்காப்பி வைத்துக் கொண்டுவந்து தீர்த்தம்மாள் நீட்டினார். சகாயராணி பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனாள். வெல்ல வாசனையும் புகை வாசனையும்தான் முதலில் ஏறியது. உதடு கோணியது. கிழங்கு என்று சொல்லவில்லை, அதுவரைக்கும் புண்ணியம். ஆனால் டம்ளரைத் தொட்டும் தொடாமலும் ஓரமாக வைத்துவிட்டு, "நான் வந்தது குடிக்கறதுக்கு இல்ல, சாம்பிளுக்கு" என்றாள்.

தீர்த்தம்மாள் ஆண்டியைப் பார்த்தார். ஆண்டி தலையைச் சொறிந்துகொண்டார்.

"இப்ப கையில ஒண்ணுமில்லீங்க மேடம்" என்றார் ஆண்டி. "அடுத்த வாரம் வாங்க, நல்லதா பாத்து எடுத்து வெக்கறோம். வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் மட்டும் போட்டுருங்க."

"இங்க அரபிக்கா மட்டும்தானே? ரோபஸ்டா யாரும் வெக்கலியே?"

"அதெல்லாம் இல்லீங்க. மலை பூராவும் அரபிக்காதான்."

காப்பியில் இந்த இரண்டு ஜாதிதான் முக்கியம். அரபிக்காவில் கஃபீன் குறைவு, மணம் அதிகம். ரோபஸ்டாவில் கஃபீன் கிட்டத்தட்ட இரண்டு பங்கு, கசப்பும் அதிகம். உணவு வேதியியல் படித்த யாருக்கும் இது பால பாடம். அதன்பிறகு அவள் போகிறபோதெல்லாம் போன் போட்டுவிட்டுப் போனாள். ஒவ்வொரு தடவையும் துணிப்பையில் கொட்டை தயாராக இருந்தது. ஒவ்வொரு தடவையும் தீர்த்தம்மாள் காப்பி வேண்டுமா என்று கேட்கவே இல்லை. நல்லவேளை, புத்திசாலிப் பெண் என்று சகாயராணி நினைத்துக்கொண்டாள்.

கொட்டையை அரைத்துக் கரைத்துக் கருவியில் ஏற்றினாள். ஒரு திரவத்துக்குள் எது எது எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டுகிற கருவி அது. அவள் இந்த உலகத்தில் மதித்த ஒரே ஜீவன். அது காட்டிய கணக்கைப் பார்த்து அவளுக்கே மூச்சு நின்றது. அரபிக்காவில் கஃபீன் நூற்றுக்கு ஒன்றேகால் பங்குதான் இருக்கும். வத்தல்மலைக் கொட்டையில் இரண்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. மறுபடி மறுபடி கொட்டை வாங்கிப் பார்த்தாள், கொஞ்சம் முன்னே பின்னே அதே கதைதான்.

இங்கே உங்களுக்கு ஒரு கேள்வி வரவேண்டும். கொட்டையே வேறாக இருந்தால்? அவளுக்கும் ஒரே ஒருமுறை அது தோன்றியது. தோன்றியதும் சிரித்துவிட்டாள். "அந்த மலைக்காரங்களா? அவங்களுக்கு ஏமாத்தறதுக்குக்கூடத் தெரியாது" என்றாள். கொட்டையைப் பார்த்தாலே தெரியுமே என்கிறீர்களா? நீளவாக்கில் இருப்பது அரபிக்கா, உருண்டையாக இருப்பது ரோபஸ்டா. தெரியும்தான், பார்த்திருந்தால். பையைப் பிரித்து அரவைக்குப் போடுவது ஆய்வுக்கூட உதவியாளரின் வேலை. இவள் கண்ணுக்கு வந்தது கரைசலும் கணக்கும் மட்டுந்தான். கொட்டையைக் கையில் அள்ளிப் பார்ப்பதெல்லாம் வியாபாரிகள் செய்கிற காரியம் என்று அவளுக்கு ஒரு எண்ணம். கொழுப்பு, வேறென்ன?

காரணமும் கண்டுபிடித்தாள். கஃபீன் என்பது பூச்சியிடமிருந்து செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கிற நஞ்சு. வத்தல்மலையில் மழை பொய்க்கிறது, செடி வாடுகிறது, பூச்சி ஏறுகிறது, அதனால் செடி கஃபீனைக் கூட்டிக்கொள்கிறது. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் மாதப்பன் இதைக் கேட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

மாதப்பனைப் பற்றி ஒரு வார்த்தை. மிஷினில் பட்டனை அமுக்கினால் வருகிற காப்பியில் மிக்சரைக் கொட்டி ஸ்பூனால் அள்ளித் தின்கிறவர். காப்பி ஆராய்ச்சிக்கு வழிகாட்டி! அவர் அப்படித் தின்னும்போதெல்லாம் சகாயராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவர் அவளுடைய கண்டுபிடிப்பைத் தன் கண்டுபிடிப்பாக மேடை மேடையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "நம்ம தருமபுரி மண்ணு சாதாரண மண்ணு இல்ல" என்று ஆரம்பித்துவிடுவார். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். பட்டம் வேண்டுமே.

ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. பொது வாய்மொழித் தேர்வுக்கு நாளும் குறித்தாயிற்று. வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து நாலு பேர் முன்னால் கேள்வி கேட்பார், அதற்குப் பதில் சொல்லிவிட்டால் அன்றைக்கே டாக்டர். அன்றைக்கு வருகிற அத்தனை பேருக்கும் ஆராய்ச்சி செய்தவர்தான் காப்பியும் பலகாரமும் வாங்கித் தரவேண்டும் என்பது துறையில் நடைமுறை. எல்லாரும் கேன்டீனில் சொல்லிவிட்டுப் போவார்கள். சகாயராணி மட்டும் விடுவாளா? தன் தேர்வில் ஒரு மணி கிழங்கு கலக்கக்கூடாது, வத்தல்மலைக் கொட்டைதான் என்று முடிவுகட்டினாள். கல்லூரி முடிந்து பஸ் ஸ்டாண்டு வரை வந்தவள், அப்படியே ஸ்கூட்டியை மலைப்பக்கம் திருப்பினாள். போன் போடவில்லை. போடத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தீர்த்தம்மாள் வீட்டு முன்னால் பாறையில் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு சாக்கில் தோலெடுத்த கொட்டை கட்டி வைத்திருந்தது. இவளைப் பார்த்ததும் தீர்த்தம்மாள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஓடிவந்தார்.

"மேடம்! என்னங்க இது, சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க?"

"கொட்டை வேணும்மா. தேர்வு அன்னிக்கு எல்லாருக்கும் காப்பி போடறதுக்கு."

"அய்யய்யோ, இப்ப ஒண்ணுமில்லீங்களே."

சகாயராணி சாக்கைக் காட்டினாள். "இது என்ன?"

"இது எங்க காட்டுதுங்க."

"அதான் வேணும்."

தீர்த்தம்மாளுக்குக் கையைப் பிசைவதைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை. "இத எப்பிடிங்க உங்களுக்குக் குடுக்கறது? ஒரு போன் போட்டிருந்தா வழக்கம்போல டவுன்ல இருந்து நல்லதா வாங்கியாந்து வெச்சிருப்பம்ல?"

சகாயராணிக்கு முதலில் புரியவில்லை. வழக்கம்போல என்ற வார்த்தை மட்டும் காதில் தங்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியது. "இவ்வளவு நாளா நீங்க குடுத்தது..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

"கடைதுதானுங்க" என்றார் தீர்த்தம்மாள், கொஞ்சம் பெருமையாகவே. "மொத நாளு எங்க காப்பிய மோந்து பாத்துட்டுக் கீழ வெச்சிட்டீங்க. மூஞ்சி போன போக்க நான்தான் பாத்தனே. நம்மளுது மேடத்துக்குப் புடிக்கலன்னு இவருகிட்டச் சொன்னன். அப்புறம் நீங்க கொட்டை கேக்கறீங்க. புடிக்காததையா குடுக்கறது? நம்ம வூட்டுக்கு வந்தவங்களுக்கு நல்லதுதானுங்களே குடுக்கணும்? அதான் டவுன்ல கொட்டை வறுத்து விக்கற கடையில பச்சைக் கொட்டையாவே கேட்டு, சிக்கமகளூருது, ஒசத்தியானது, ரெண்டு தினுசும் கலந்து குடுப்பாங்க, அத வாங்கியாந்து வெச்சிருவாரு."

இரண்டு தினுசும் கலந்து. அரபிக்காவும் ரோபஸ்டாவும். கலந்தால் இரண்டுக்குக் கிட்டத்தில்தானே நிற்கும்? மழை பொய்த்ததாம், செடி வாடியதாம், நஞ்சு சுரந்ததாம்! தண்ணீர் டம்ளரில் தூளைத் தூவி ஊரையே சந்தி சிரிக்கவைத்தவள் தலையில், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், மரியாதையாகவே ஒரு கலப்படத்தைக் கட்டியிருக்கிறார்கள். கோபப்படக்கூட வழியில்லை. யார்மேல் கோபப்படுவது? மோந்து பார்த்த மூக்கின்மேலா?

சாக்கிலிருந்து ஒரு பை அள்ளிக்கொண்டு அவள் கீழே இறங்கினாள். மறுநாள் அந்தக் கொட்டையைத் தன் கையாலேயே அரைத்து, தானே கருவியில் ஏற்றினாள். நூற்றுக்கு ஒன்றேகால். உலகத்தில் எங்கே அரபிக்கா விளைந்தாலும் என்ன இருக்குமோ அதுதான். புத்தகத்தில் போட்டிருக்கிற கணக்கு. சப்பென்று போயிற்று.

மாதப்பனிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர் மிக்சரை மென்றுகொண்டே கேட்டார்.

"இத வேற யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்னம்மா? எவன் மலையேறிப் போயி செக் பண்ணப்போறான்? தேர்வ முடி, பட்டத்த வாங்கு, வேலையக் காப்பாத்து. அதுக்கப்புறம் பொறுமையா ஒரு பேப்பர் போட்டு, காலநிலை மாறிப்போச்சு, கஃபீன் குறைஞ்சிபோச்சுன்னு எழுதிக்கலாம். அது தனியா ஒரு கண்டுபிடிப்பு."

எப்படிப்பட்ட மூளை பாருங்கள்! பொய்யிலிருந்து இன்னொரு பேப்பர் எடுக்கிற மூளை. அவர் முகத்தில் காறித் துப்பவேண்டும்போல் இருந்தது அவளுக்கு. ஆனால் ஜூனை நினைத்தாள். அந்தக் கருவியை இன்னொருத்தி தொடுவதை நினைத்தாள். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்குத் தன் குரலே தனக்கு அருவருப்பாக இருந்தது என்று பின்னால் அம்மாவிடம் சொன்னாள்.

தேர்வன்று காலையில் பாக்கியமேரி மகள் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, "என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லிட்டு வந்துரு. ஒன் வாய மட்டும் மாதாகிட்ட அடகு வெச்சிட்டுப் போ" என்றார். சகாயராணி சிரித்தாள். வாயை மூடிக்கொண்டிருப்பது ஒரு பெரிய வேலையா, ஒரு மணி நேரம்தானே என்று அவளுக்கு நம்பிக்கை.

அரங்கத்தில் மாணவர்கள், பேராசிரியர்கள் என்று நல்ல கூட்டம். ஆராய்ச்சியால் பயனடைந்த விவசாயிகள் என்று காட்டுவதற்காக மாதப்பன் ஆண்டியையும் தீர்த்தம்மாளையும் வரவழைத்துக் கடைசி வரிசையில் உட்காரவைத்திருந்தார். வெளியூர்ப் பேராசிரியர் கலைமணி வந்தார். கோட்டு, சூட்டு, கையில் பூங்கொத்து. அவர் கேட்ட கேள்விகளை வைத்தே அவர் ஆய்வேட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும்தான் படித்திருக்கிறார் என்று இவளுக்குத் தெரிந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாள். கஃபீன் கணக்கைத் திரையில் காட்டும்போது மட்டும் கடைசி வரிசைப் பக்கம் பார்க்கவில்லை. முடிந்தது. இனி அறிவிக்க வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் காப்பி வந்துவிட்டது. தீர்த்தம்மாள் வீட்டுப் பாறையில் காய்ந்த அதே கொட்டை. சகாயராணி வறுத்து அரைத்துக் கொடுத்தது, கேன்டீனில் டிகாஷன் இறக்கினது. "வத்தல்மலைக் காப்பி சார்" என்று மாதப்பன் கப்பைத் தன் கையால் எடுத்துக் கொடுத்தார்.

கலைமணி ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் உறிஞ்சினார். மைக்கை இழுத்து வைத்துக்கொண்டார்.

"நான் எவ்வளவோ நாட்டுல காப்பி குடிச்சிருக்கேன். நாலு கப் குடிச்சாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது. இது ரெண்டே வாய்தான், நெஞ்சு படபடன்னு அடிக்குது! இந்தப் பொண்ணு கண்டுபிடிச்ச அந்த அதிகப்படி கஃபீன் அப்படியே நாக்குல நிக்குது. ஆய்வேட்டைப் படிக்கவே வேண்டாம், இந்த ஒரு கப் போதும்."

கைதட்டல். "எனக்கும் அப்படித்தான் சார் இருக்கு, சும்மா ஜிவ்வுங்குது" என்றார் மாதப்பன். முன்வரிசையில் ஒருவர் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இன்னொருவர் ராத்திரி தூக்கம் வராதே என்று கவலைப்பட்டார். படித்தவர்கள்!

சகாயராணி பல்லைக் கடித்தாள். ஜூனை நினைத்தாள். அம்மாவை நினைத்தாள், மாதாவை நினைத்தாள். கம்பைநல்லூரில் பழுப்புக் கோடு இறங்கின டம்ளரையும் நினைத்தாள். பொய்யைச் சுமந்துகொண்டு பட்டம் வாங்க அவளால் முடிந்திருக்கும். கடைசிவரை வாய் திறக்காமல் இருக்கவும் முடிந்திருக்கும். ஆனால் ஒரு மடையன் காப்பியைக் குடித்துவிட்டு அதில் இல்லாததை இருக்கிறது என்று சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது என்று ஒன்று இருக்கிறதே, அது அவளால் ஆகாது.

"நிக்காது சார்" என்றாள்.

கலைமணி கப்போடு திரும்பினார். "என்னம்மா?"

"அந்த அதிகப்படி கஃபீன் உங்க நாக்குல நிக்காது சார். இதுல அது கெடையாது. இது சாதாரண அரபிக்கா, நூத்துக்கு ஒண்ணேகால்தான். நான் நாலு நாளைக்கு முன்னாடிதான் பாத்தேன். நெஞ்சு படபடக்குதுன்னா டாக்டரப் பாருங்க. நிஜமான டாக்டர."

மாதப்பன் முகத்தில் ஈயாடவில்லை. அவள் நிறுத்தவில்லை, ஆரம்பித்தால் எப்போது நிறுத்தியிருக்கிறாள்? கடையிலிருந்து வாங்கின கொட்டை, இரண்டு தினுசுக் கலப்பு, தான் மோந்து பார்த்தது, கொட்டையைக் கண்ணால் பார்க்காதது, வழிகாட்டி சொன்ன யோசனை எல்லாவற்றையும் வகுப்பெடுப்பதுபோல வரிசையாகச் சொல்லி முடித்தாள். "இந்த ஆய்வேட்டுல இருக்கறது வத்தல்மலைக் காப்பி இல்ல சார். கடைச்சரக்கு" என்றாள்.

கலைமணி கப்பை மேசையில் வைத்துவிட்டுக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆய்வை முதலிலிருந்து மறுபடி செய்து கொண்டுவரச் சொல்லிவிட்டு, பூங்கொத்தையும் மறந்துவிட்டு வெளியே நடந்தார். மறுபடி செய்வது என்றால் வருடக்கணக்கு. ஜூனில் அவளுக்கு வேலை இல்லை என்பது அந்த அரங்கத்தில் எல்லாருக்கும் அப்போதே தெரிந்துவிட்டது. மாதப்பன் அவளைத் தாண்டிப் போகும்போது, "உன்னக் கட்டாம தப்பிச்ச அந்தக் கம்பைநல்லூர்க்காரன் புண்ணியவான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

கூட்டம் கலைந்தது. பலகாரத்தை மட்டும் ஒருவரும் விடவில்லை. சகாயராணி மேடைப்படியில் உட்கார்ந்திருந்தாள். கடைசி வரிசையிலிருந்து தீர்த்தம்மாள் எழுந்து வந்தார். இங்கிலீஷில் நடந்தது அவருக்குப் பாதி புரியவில்லை, ஆனால் கடைசியில் தமிழில் நடந்தது முழுக்கப் புரிந்தது. முகம் சிவந்திருந்தது.

"ஏங்க மேடம், எங்களால உங்க படிப்பு போச்சுங்களா?"

"உங்களால இல்லம்மா."

"அத நானே சொல்லலாம்னுதான் வந்தன்" என்றார் தீர்த்தம்மாள். குரலில் பணிவெல்லாம் போயிருந்தது. "மொத நாளு ஒருவாய், ஒரே ஒருவாய் குடிச்சிருந்தா இவ்வளவு வம்பு இருந்திருக்குமா? மோந்து பாத்துட்டு வெக்கறதுக்கு அது என்ன ஊசிப்போன கொழம்பா? அந்தக் கோட்டுக்காரரு மடையனாவே இருக்கட்டும், எங்க காப்பிய வாயில வெச்சிப் பாத்துட்டுத்தான் பேசினாரு. நீங்க காப்பிக்குப் படிச்சவங்க, அதுகூடச் செய்யல."

சகாயராணி எழுந்து மேசைப் பக்கம் போனாள். அங்கே யாரும் தொடாத ஒரு கப் இருந்தது, ஆடை படிந்து ஆறிப்போய். அதை எடுத்தாள். கை மூக்கருகே போனது. பாதியில் நிறுத்தி, நேராக வாயில் ஊற்றிக்கொண்டாள். முழுக்கக் குடித்தாள். தீர்த்தம்மாள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கொட்டை நல்ல கொட்டைதான்" என்றாள் சகாயராணி, வாயைத் துடைத்துக்கொண்டு. "கேன்டீன்காரன் டிகாஷன மறுபடி சுடவெச்சுக் கெடுத்துட்டான். நான் வறுத்ததும் கொஞ்சம் தீஞ்சிபோச்சு."

தீர்த்தம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு முந்தானையை உதறிச் சொருகினார்.

"வாயப் பாரு வாய" என்றார். "வூட்டுக்கு வாங்க, நான் போட்டுத் தர்றன். வர்றதா இருந்தா போன் மட்டும் பண்ணிறாதீங்க."